அவசரம் வந்தால் வீட்டில் யாருக்கு என்ன தெரியும்? குடும்பத் தகவல்களை எப்படி வைத்திருக்கிறீர்கள்?

மூன்றாம்மாடி எழுதியது:

வணக்கம். கொஞ்ச நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம். வீட்டில் கணக்கு வழக்கு எல்லாம் நான்தான். எந்தக் காப்பீட்டுக்கு எப்போது தவணை, அம்மாவுக்கு எந்த மாத்திரை எவ்வளவு, வாடகை ஒப்பந்தம் எந்த உறையில், இணைய இணைப்பு யார் பெயரில், எல்லாம் என் தலையில். என் மனைவி தலையில் இருப்பது வேறு: பள்ளி, தடுப்பூசி அட்டை, யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, குழந்தையை யார் வந்தால் பள்ளியில் அனுப்புவார்கள். இரண்டு தலையும் ஒரே வண்டியில்தான் பெரும்பாலும் போகின்றன என்பதுதான் பிரச்சினை.

சரி, ஒழுங்குபடுத்துவோம் என்று கணினியில் ஓர் எக்செல் கோப்பு ஆரம்பித்தேன். அது ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கம் என்று வளர்ந்துகொண்டே போகிறது. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் திறந்து தேடுகிற நிலைமையிலா நான் அப்போது இருப்பேன்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

நீங்கள் எப்படி வைத்திருக்கிறீர்கள்? காகிதமா, கணினியா? கடவுச்சொற்களை என்ன செய்கிறீர்கள்? யாரிடம் சொல்லி வைத்திருக்கிறீர்கள்?

இரவுப்பணி எழுதியது:

நான் அவசரப் பிரிவில் செவிலியர். உங்கள் மனைவி கேட்டதுதான் சரியான கேள்வி. முதல் ஒரு மணி நேரத்துக்கு வேண்டியதும், அடுத்த ஒரு மாதத்துக்கு வேண்டியதும் வேறு வேறு. இரண்டையும் ஒரே கோப்பில் போட்டால் இரண்டுமே கிடைக்காது. வீட்டுப் பத்திரம் எங்கே என்று என்னிடம் வருகிற யாருக்கும் அன்றைக்குத் தேவைப்பட்டதில்லை.

நாங்கள் கேட்பது கொஞ்சம்தான், ஆனால் அதற்கே பதில் வராது. "என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்றால் "பிரஷருக்கு ஒன்று, அப்புறம் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை" என்பார்கள். சின்ன வெள்ளை மாத்திரையில் பாதி மருந்துக்கடையே அடக்கம். எழுதும்போது அட்டையில் பெரிதாக இருக்கும் விற்பனைப் பெயரோடு, கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும், எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்பதையும் எழுதுங்கள். ஒரே மருந்து பல நிறுவனங்களில் பல பெயர்களில் வருகிறது, நாடு மாறினால் பெயரும் மாறிவிடும்.

கட்டாயம் மேலே வர வேண்டியவை: ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்துகள் (வார்ஃபரின் மாதிரி), இன்சுலின், நீண்ட நாளாக எடுக்கும் ஸ்டீராய்டு, பேஸ்மேக்கர் இருந்தால் அதன் அட்டை, ஒவ்வாமை. ஒவ்வாமை என்றால் "பென்சிலின் ஆகாது" என்று மட்டும் எழுதாதீர்கள், என்ன ஆனது என்று எழுதுங்கள். வயிறு சரியில்லாமல் போனதும் தொண்டை வீங்கி மூச்சு முட்டியதும் எங்களுக்கு ஒன்றல்ல.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பக்கவாதம் என்று ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். உறைந்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக அறிகுறி தொடங்கி 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். தூக்கத்தில் வந்திருந்தால் அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து கணக்கு. அவர் ஏற்கெனவே ரத்தம் உறையாத மருந்து எடுப்பவர் என்றால் அந்த ஊசியே ஆபத்தாகலாம். ஆக "கடைசியாக எப்போது நன்றாகப் பேசினார், என்ன மருந்து எடுக்கிறார்" என்ற இரண்டு கேள்விக்கும் வாசலிலேயே பதில் வேண்டும். இதை எந்த எக்செல்லும் தராது. ஒரு தாள் தரும்.

சும்மாபடிப்பவன் எழுதியது:

ரத்தப் பிரிவை விட்டுவிட்டீர்களே அக்கா? அதுதானே முதலில் எழுத வேண்டியது?

இரவுப்பணி எழுதியது:

எழுதுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் உங்கள் தாளை நம்பி யாரும் ரத்தம் ஏற்ற மாட்டார்கள் தம்பி. மாதிரி எடுத்து, பிரிவு பார்த்து, ஏற்றப்போகும் ரத்தத்தோடு பொருத்திப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். அதற்கும் நேரமில்லை என்றால் ஓ நெகட்டிவ் கொடுப்பார்கள். எல்லோரும் ரத்தப் பிரிவைப் பெரிய எழுத்தில் எழுதிவிட்டு மாத்திரையை விட்டுவிடுகிறார்கள், அதுதான் என் ஆதங்கம்.

சும்மாபடிப்பவன் எழுதியது:

சரி, ஒப்புக்கொள்கிறேன். போனில் ஐசிஇ (அவசரத்தில் அழைக்க, இன் கேஸ் ஆஃப் எமர்ஜென்சி என்பதன் சுருக்கம்) என்று ஓர் எண்ணைச் சேமித்து வைப்பார்களே, அது இப்போதும் பயன்படுமா?

பூட்டுச்சாவி எழுதியது:

பாப் பிராட்சி என்ற பிரிட்டிஷ் ஆம்புலன்ஸ் ஊழியர் 2005-இல் பரப்பிய யோசனை அது. அன்று பெரும்பாலோர் போனைக் கடவு எண் போட்டுப் பூட்டுவதில்லை, யார் எடுத்தாலும் தொடர்புப் பட்டியல் தெரியும். இன்று பூட்டிய போனுக்குள் ஐசிஇ என்று எழுதி என்ன பயன்?

அதற்குப் பதிலாகத்தான் ஐபோனில் மெடிக்கல் ஐடியும், ஆண்ட்ராய்டில் அவசரத் தகவல் பகுதியும் இருக்கின்றன. பூட்டிய திரையிலேயே எமர்ஜென்சி என்பதைத் தொட்டால் தெரியும். நிரப்பினால் மட்டும் போதாது, பூட்டியிருக்கும்போதும் காட்டு என்ற அனுமதி போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நிரப்பி முடித்ததும் போனைப் பூட்டி வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்து, "என் மருந்து என்னவென்று கண்டுபிடி" என்று சொல்லிப் பாருங்கள். அவர் திணறினால் வழியைக் காட்டிக்கொடுங்கள், அது வீட்டில் எல்லோர் போனுக்கும் உதவும்.

கடவுச்சொல் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், தனியாக எழுதுகிறேன்.

பூட்டுச்சாவி மீண்டும் எழுதியது:

தொழில் இது என்பதால் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மக்கள் கடவுச்சொற்களைப் பட்டியல் போடுகிறார்கள். பட்டியலில் எல்லாம் இருக்கும், ஆனால் அந்தந்தக் கணக்கில் நுழையப் போனால் ஓடிபி கேட்கும். ஓடிபி எங்கே வரும்? படுத்திருப்பவரின் போனுக்கு. அந்தப் போனைத் திறக்கும் எண் பட்டியலில் இருக்காது. அதனால் நான் எப்போதும் சொல்வது: முதலில் போனைத் திறக்கும் எண், அடுத்தது மின்னஞ்சல், மற்றதெல்லாம் அப்புறம். இந்த இரண்டும் கையில் இருந்தால் மற்ற கடவுச்சொற்களில் பெரும்பாலானவற்றை மறந்துவிட்டேன் என்று கேட்டே மாற்றிக்கொள்ளலாம்.

கைரேகை இருக்கிறதே, மருத்துவமனையில் அவர் விரலை வைத்துத் திறந்துகொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு: போன் அணைந்து மீண்டும் எழுந்தால் எண் கேட்கும். ஐபோன் 48 மணி நேரம் திறக்கப்படாமல் கிடந்தாலும் எண்தான் கேட்கும். ஐசியூவில் ஒருவர் இருக்கும்போது அவருடைய போனுக்கு யார் சார்ஜ் போட்டுக்கொண்டிருக்கப் போகிறார்கள்?

அடுத்தது சிம். துக்கத்தில் இருக்கும் வீட்டில் யாராவது பொறுப்பாக முதல் வேலையாக அந்த எண்ணை ரத்து செய்துவிடுவார். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் எல்லாக் கணக்கின் ஓடிபியும் அந்த எண்ணுக்குத்தான் வரும், ரத்தானால் அத்தனை கதவும் ஒரே நேரத்தில் மூடிக்கொள்ளும், கொஞ்ச காலம் கழித்து அதே எண் வேறு யாருக்கோ போகவும் போகலாம். "என் எண்ணைக் கடைசியில் ரத்து செய்யுங்கள், மாதக் கட்டணம் கட்டிக்கொண்டிருங்கள்" என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.

கூகுளில் இருகட்ட சரிபார்ப்புக்கு (கடவுச்சொல்லுக்குப் பின் இன்னொரு குறியீடும் கேட்பது) பத்து மாற்றுக் குறியீடுகள் கிடைக்கும், ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். அச்சடித்து வையுங்கள். அதே கூகுளில், கணக்கு நீண்ட நாள் செயல்படாமல் கிடந்தால் நீங்கள் சொன்னவர்களுக்குத் தகவலைக் கொடுக்கும் வசதியும் இருக்கிறது, 3 மாதம் முதல் 18 மாதம் வரை காலத்தை நீங்களே வைக்கலாம். ஆப்பிளில் லெகசி கான்டாக்ட், அதாவது இறந்த பின் நம் கணக்கைப் பார்க்க நாமே ஒருவரை நியமிக்கும் வசதி, 2021 இறுதியில் வந்தது. அதற்கு ஒரு சாவிக் குறியீடும் இறப்புச் சான்றிதழும் வேண்டும். படங்கள், குறிப்புகள், கோப்புகள் கிடைக்கும், சேமித்த கடவுச்சொற்கள் கிடைக்காது. முக்கியமாக, இறப்புச் சான்றிதழ் என்பதைக் கவனியுங்கள். கோமாவில் ஒருவர் மூன்று மாதம் இருந்தால் அதனால் ஒரு பயனும் இல்லை. மூன்றாம்மாடி கேட்கும் அவசரம் பெரும்பாலும் அந்த வகைதான்.

கடவுச்சொல் மேலாளர் (எல்லாக் கடவுச்சொற்களையும் ஒரே முதன்மைக் கடவுச்சொல்லால் பூட்டி வைக்கும் செயலி) வைத்திருந்தால், பிட்வார்டன் என்ற செயலியில் எமர்ஜென்சி ஆக்சஸ் இருக்கிறது: நம்பிக்கையான ஒருவர் கேட்பார், நீங்கள் வைத்த நாட்களுக்குள் நீங்கள் மறுக்காவிட்டால் அவருக்குத் திறக்கும். நீங்கள் நன்றாக இருந்தால் மறுத்துவிடுவீர்கள், இல்லையென்றால் திறந்துவிடும். எளிமையான நல்ல ஏற்பாடு.

தெற்குவாசல் எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் போனைத் திறக்கும் எண், மின்னஞ்சல் கடவுச்சொல், வங்கி விவரம், பத்திரம் இருக்கும் இடம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து மேலே "அவசரத்துக்கு" என்று எழுதிவைப்பது திருடனுக்குத் தாம்பூலம் வைத்து அழைப்பது போல் இல்லையா? வீட்டுக்கு எத்தனை பேர் வந்து போகிறார்கள். வெளித் திருடனை விடுங்கள், உறவிலேயே கைவைப்பவர்கள் உண்டு.

பூட்டுச்சாவி எழுதியது:

நியாயமான பயம். அதனால்தான் வெளியே இருக்கும் தாளில் எது எங்கே என்பது மட்டும் இருக்க வேண்டும், ரகசியம் எதுவும் இருக்கக் கூடாது. எந்த வங்கி, எந்தக் கிளை, யாரைக் கேட்க வேண்டும் என்று எழுதுங்கள், கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் போதும். போனைத் திறக்கும் எண்ணும் முதன்மைக் கடவுச்சொல்லும் தனி உறையில், ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்துப் போட்டு, வேறிடத்தில். பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ரகசியத்தைப் பல துண்டாக்கி, குறிப்பிட்ட எண்ணிக்கையில் சேர்ந்தால்தான் திறக்கும்படி செய்ய 1979-இல் அடி ஷமீர் என்ற கணினி அறிஞர் ஒரு கணித முறையே தந்திருக்கிறார். அழகான கணிதம். ஆனால் அழுதுகொண்டிருக்கும் குடும்பத்திடம் அதைக் கொடுக்காதீர்கள், தயவுசெய்து. உறை போதும்.

காகிதக்கட்டு எழுதியது:

சட்ட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பூட்டுச்சாவி சொன்னதில் ஒன்றை மட்டும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒருவர் இறந்த பிறகு அவருடைய கடவுச்சொல்லை வைத்து வங்கிக் கணக்கில் நுழைந்து பணத்தை மாற்றுவது, அது மனைவியே ஆனாலும், பல நாடுகளில் பெரிய சட்டச் சிக்கல். கடவுச்சொல் இருப்பது என்னென்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். பணத்தை முறைப்படி கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

இன்னொன்று, அதிகார ஆவணம். "எல்லாவற்றுக்கும் மகனுக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறேன்" என்று நிம்மதியாக இருப்பார்கள். பொதுவாக எழுதிக் கொடுத்தவர் இறந்த கணமே அது செல்லாது. அதோடு பல நாடுகளில் சாதாரணப் பவர் அவர் சுயநினைவு இழந்தாலே செல்லாமல் போகும், நினைவிழந்த நிலையிலும் தொடரும் என்று தனியாக எழுதியிருந்தால்தான் செல்லும், அதற்குச் சில இடங்களில் தனிப் படிவமே உண்டு. அதாவது உயிருடன் இருந்து முடிவெடுக்க முடியாத காலத்துக்கு ஒன்று, இறந்த பின்னால் உயில். நடுவில் ஓட்டை இருக்கக் கூடாது. இது நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் ஊர் வழக்கறிஞரிடம் ஒருமுறை உட்கார்ந்து கேட்டுவிடுங்கள்.

உயிலின் அசலை வங்கிப் பெட்டகத்தில் வைப்பவர்கள் நிறைய. பெட்டகம் அவர் ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால், திறக்க அதிகாரம் வேண்டும் என்பார்கள், அந்த அதிகாரத்தைக் காட்ட உயில் வேண்டும், உயிலோ உள்ளே. அசல் எங்கே என்று குறைந்தது இரண்டு பேருக்காவது தெரியட்டும். ஒளிநகல் தகவலுக்கு உதவும், அசலின் வேலையை அது செய்யாது.

அப்புறம் பெயர். ஒரே ஆளின் பெயர் கடவுச்சீட்டில் ஒரு விதமாக, வங்கியில் இன்னொரு விதமாக, காப்பீட்டில் எழுத்துக்கூட்டல் மாறி இருக்கும். அவர் உயிரோடு இருக்கும்போது ஒரு படிவத்தில் முடிகிற வேலை, இல்லாதபோது மாதக்கணக்கில் இழுக்கும். காப்பீட்டிலும் ஓய்வூதியத்திலும் யார் பெயரை வாரிசாகக் கொடுத்திருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன்னால் எழுதியது அப்படியே கிடக்கும்.

செங்கல்சுவர் எழுதியது:

எங்கள் பகுதியில் வெள்ளம் வந்தபோது பட்டதை வைத்துச் சொல்கிறேன். தீ தாங்கும் பெட்டகம் என்று விற்கிறார்களே, வாங்கும் முன் தர அளவைப் படியுங்கள். காகிதத்துக்கான தரம் என்றால் உள்வெப்பம் சுமார் 177 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாது என்பதுதான் உத்தரவாதம், அதுவும் அரை மணி, ஒரு மணி என்று குறித்த நேரத்துக்கு. காகிதம் தப்பும். உள்ளே ஹார்டு டிஸ்கோ பென்டிரைவோ வைத்தால் தப்பாது, அதற்கு 52 டிகிரிக்குள் நிறுத்தும் வேறு தரம் இருக்கிறது. தீ தாங்குவது தண்ணீர் தாங்கும் என்று அர்த்தமும் இல்லை. எதுவாக இருந்தாலும் தாள்களை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டுத்தான் பெட்டிக்குள் வையுங்கள்.

அசல் சான்றிதழ்களை லேமினேட் செய்யாதீர்கள். முத்திரையையும் தாளையும் தடவிப் பார்க்க முடியாது என்று சில அலுவலகங்களில் வாங்கவே மாட்டார்கள், பிரித்தெடுக்கவும் முடியாது. வெப்பத்தில் அச்சாகும் ரசீதுகள் தானாகவே வெளுத்துப்போகும், அவற்றை நகல் எடுங்கள். பென்டிரைவை ஒரே பிரதியாக நம்பாதீர்கள். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வீட்டுக்கு வெளியே என்று கணினிக்காரர்கள் சொல்வது காகிதத்துக்கும் பொருந்தும்.

அடுப்பு எரிவாயு, தண்ணீர், மின்சாரம் மூன்றையும் எங்கே அடைப்பது என்பதும் குடும்பத் தகவல்தான். அதை யாரும் எழுதுவதில்லை.

மழைக்காகிதம் எழுதியது:

தொலைபேசி எண்களைப் பற்றியும் சொல்லுங்கள். பேரிடரில் உள்ளூர் அழைப்பு சிக்கிக்கொள்ளும், அப்போது தொலைவில் இருக்கும் ஒருவரை மையமாக வைத்து எல்லோரும் அவருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பார்கள். பேச முடியாத நேரத்திலும் பல சமயம் குறுஞ்செய்தி போய்ச் சேரும். என் பையனுக்கு இரண்டு எண்களை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன், போன் இல்லாமல் ஓர் எண்கூடச் சொல்லத் தெரியாத தலைமுறை இது. நாமும்தான்.

ஆனால் என் உண்மையான பிரச்சினை வேறு. அப்பாவிடம் இதைப் பற்றி வாயைத் திறந்தாலே "நான் எப்போது போவேன் என்று பார்க்கிறாயா?" என்கிறார். எழுதுவதற்கு அவர் சொன்னால்தானே?

இரவுப்பணி எழுதியது:

உயிலில் ஆரம்பிக்காதீர்கள், மாத்திரையில் ஆரம்பியுங்கள். "டாக்டர் கேட்டால் சொல்லத் தெரியவில்லை அப்பா" என்றால் எந்த அப்பாவும் கோபப்பட மாட்டார். மாத்திரைப் பட்டை எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்து அவரையே வாசிக்கச் சொல்லி நீங்கள் எழுதுங்கள். பாதியில் அவரே "இந்தக் காப்பீட்டு அட்டையையும் எழுதிக்கொள்" என்பார்.

காகிதக்கட்டு எழுதியது:

அதோடு உங்களுடையதை முதலில் எழுதி அவர் கையில் கொடுங்கள். "எனக்கு ஏதாவது ஆனால் நீங்கள்தான் பார்க்க வேண்டும்" என்றால் பேச்சின் திசையே மாறும். எங்கள் அலுவலகத்தில் பிடிவாதமான பெரியவர்கள் பலர் இப்படித்தான் வழிக்கு வந்திருக்கிறார்கள்.

மூன்றாம்மாடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எக்செல்லை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிட்டு முதல் தாளை மட்டும் எழுதினேன். அம்மாவுடையதை விவரம் மாற்றிப் போடுகிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள்:

"பெயர், பிறந்த தேதி (மாதத்தை எழுத்தில்). நோய்: சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயத் துடிப்பு ஒழுங்கின்மை. மருந்து: வார்ஃபரின் 3 மி.கி. இரவு 1. மெட்ஃபார்மின் 500 மி.கி. காலை 1, இரவு 1. அம்லோடிபின் 5 மி.கி. காலை 1. ஒவ்வாமை: பென்சிலின், உடம்பெல்லாம் தடிப்பு, முகம் வீங்கியது. அறுவை: இடது முழங்கால். பார்க்கும் மருத்துவர், எண். முதலில் அழைக்க: மகன், மருமகள், அக்கா (வெளியூர்), நாட்டுக் குறியீட்டோடு. காப்பீடு: நீல உறை, படுக்கையறை அலமாரி மேல்தட்டு. பிற ஆவணங்கள் எங்கே என்ற தாள்: அதே உறை."

குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒன்று, அம்மாவின் கைப்பையில் ஒன்று, எங்கள் இருவர் போனிலும் படமாக ஒன்று. நேற்று மனைவியிடம் எதுவும் சொல்லாமல், "நான் மயக்கமாகிவிட்டேன், என் காப்பீட்டு அட்டையை எடு" என்று கண்ணை மூடிப் படுத்துக்கொண்டேன். என்னை ஓர் உதை விட்டுவிட்டுப் போய் உறையை எடுத்து வந்தார். அட்டை இருந்தது, ஆனால் அது போன வருடத்து அட்டை.

இரவுப்பணி எழுதியது:

நல்ல தாள். இரண்டு திருத்தம். வார்ஃபரின் அளவு மாறிக்கொண்டே இருக்கும் மருந்து, ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து மாற்றுவார்கள். அதனால் அந்த வரியில் அளவைப் பென்சிலால் எழுதுங்கள், கடைசி ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் பரிசோதனை எண்) மதிப்பையும் தேதியையும் பக்கத்தில் போடுங்கள். இரண்டாவது, தாளின் மேல் மூலையில் "கடைசியாகத் திருத்திய நாள்" என்று ஒன்று வேண்டும். தேதி இல்லாத தாளைக் கையில் வாங்கினால் இது போன மாதத்துத் தாளா, ஐந்து வருடத்துக்கு முந்தையதா என்று எங்களுக்குத் தெரியாது, மறுபடியும் முதலிலிருந்து கேட்க ஆரம்பிப்போம்.

மூன்றாம்மாடி எழுதியது:

இரண்டையும் மாற்றிவிட்டேன் அக்கா. புதுக் காப்பீட்டு அட்டை மின்னஞ்சலில்தான் வந்திருக்கிறதாம், அச்சடித்து உறையில் போட வேண்டும். போனைத் திறக்கும் எண் எழுதிய உறையை என் தம்பியிடம் கொடுக்கலாம் என்றிருக்கிறேன், மனைவி அவருடைய அக்காவிடம் கொடுக்கலாம் என்கிறார், அது இன்னும் முடிவாகவில்லை.

பூட்டுச்சாவி எழுதியது:

உங்களுடையதைத் தம்பியிடமும், அவருடையதை அக்காவிடமும் கொடுங்கள். போனைத் திறக்கும் எண்ணை மாற்றும்போதெல்லாம் உறையையும் மாற்ற வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.